பகடிவதை: ஒரு பிள்ளை நம்மிடம் சொன்ன பிறகு

இந்த மாதப் பாடம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், படிவம் 4, 5-இல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதாக இருந்தால் சட்டம் பற்றிய பகுதியைச் சுருக்கிக்கொள்ளலாம்.

பகடிவதைக்கு மலாய்மொழியில் ‘பூலி’ என்று சொல்வார்கள். எங்கள் வகுப்பில் ஒரு குட்டித் தங்கை அதை ரொம்ப நாள் ‘புலி’ என்றே நினைத்திருக்கிறாள். “அண்ணே, ஸ்கூல்ல புலி வந்தா டீச்சர்கிட்ட சொல்லணுமாம்” என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவளுக்கு விளக்கம் சொல்லப் போனபோதுதான், எனக்கே அது சரியாகத் தெரியாது என்பது தெரிந்தது. அடிப்பது மட்டுமா? கிண்டலும் சேர்த்தியா? இரண்டு பேர் சண்டை போட்டால் அதுவும் பகடிவதையா?

இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் டான் ஓல்வியஸ். 1970-களில் தொடங்கி, நார்வேயிலும் சுவீடனிலும் பள்ளிப் பிள்ளைகளிடையே இதைப் பற்றி ஆய்வு செய்தவர். அவர் வைத்த மூன்று அளவுகோல்களைத்தான் இன்றும் பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. மூன்றாவதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. ஐந்து பேருக்கு ஒருவன் என்பதும், படிவம் 3-க்கு முன்னால் படிவம் 1 என்பதும் பலம்தான். மலாய் சரளமாகப் பேசுகிறவனுக்கு முன்னால் திக்கித் திக்கிப் பேசுகிறவன் நின்றால் அங்கேயும் பலம் சமமில்லை. கையில் கைப்பேசி வைத்துக்கொண்டு “வீடியோவை குரூப்ல போட்டுடுவேன்” என்கிறவனிடம் இருப்பதும் பலம்தான். சமமான இரண்டு பேர் பந்து விளையாட்டில் முட்டிக்கொண்டால் அது சண்டை. அதற்கும் கட்டொழுங்கு நடவடிக்கை உண்டு, ஆனால் வேறு விஷயம். ஒரே தடவை நடந்ததுதானே என்று கடுமையான தாக்குதலை விட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிந்த பிறகு ‘திரும்ப நடக்கட்டும் பார்க்கலாம்’ என்று யாரும் காத்திருக்க மாட்டோம்.

இனி நான் ஏன் இதை எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒருவன். யூபிஎஸ்ஆர் சோதனையில் மலாய்மொழியில் அவனுக்கு டி. நான் நேராகப் படிவம் 1-க்குப் போனேன், அவன் புகுமுக வகுப்பில் சேர்ந்தான். பள்ளி பஸ்ஸில் மட்டும்தான் சேர்ந்து போவோம். கடைசி வரிசையில் படிவம் 3 பையன்கள் இருந்தார்கள். அவன் பையைப் பிடுங்கிக் கைமாற்றிக் கைமாற்றி விளையாடுவார்கள். கைச்செலவுக்கு அம்மா கொடுத்த 3 வெள்ளியை வாங்கிக்கொள்வார்கள். முதலில் வாரத்தில் ஒரு நாள், அப்புறம் தினமும். நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அதை வைத்தது வேற்று இனத்துப் பையன்கள் இல்லை, நம்ம பசங்கதான். “யாருகிட்டயும் சொல்லாதடா, இன்னும் அதிகமா செய்வானுங்க” என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். நான் சொல்லவில்லை. அவனுக்காகச் சொல்லவில்லை என்று அப்போது நினைத்தேன். உண்மையில் என் பையும் பிடுங்கப்படுமோ என்ற பயம்.

ஒரு நாள் சாயங்காலம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். “நீ அவன்கூடத்தானே பஸ்ல போற? காலையில ஸ்கூல்னா வயித்து வலிங்கிறான். என்னதான்பா நடக்குது?” என்று கேட்டார். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, “தெரியல ஆன்ட்டி” என்றேன்.

அடுத்த வருடம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. இப்போது ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான், கெட்டிக்காரன். நான் மோட்டார் சைக்கிள் டயர் மாற்றப் போனால் கூலி வாங்க மாட்டான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

போன செமஸ்டர் தொழிற்பயிற்சிக்கு ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். கதவுப் பக்கத்தில் ஒரு புத்தகம் தொங்கும். யாரும் விழாவிட்டாலும், விழுந்திருக்கக் கூடியது எதுவானாலும் அதில் எழுத வேண்டும். ‘நியர் மிஸ்’ என்பார்கள். தரையில் எண்ணெய் சிந்தியிருந்தது, ஒருவர் வழுக்கினார், அடிபடவில்லை. அதையும் தேதி, நேரம், இடத்தோடு எழுத வேண்டும். யார் குற்றவாளி என்று அந்தப் புத்தகம் கேட்காது. என்ன நடந்தது என்று மட்டும் கேட்கும். முதல் வாரம் எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. மூன்றாவது வாரம் மேற்பார்வையாளர் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ஒரே இயந்திரத்தின் பக்கத்தில், ஒரே ஷிப்டில், நான்கு தடவை எண்ணெய். தனித்தனியாகக் கேட்டால் நான்கு பேரும் “சும்மா வழுக்கிச்சு” என்றுதான் சொல்லியிருப்பார்கள். பஸ்ஸின் கடைசி வரிசை எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்தது.

அந்தப் பயிற்சி முடிந்த கொஞ்ச நாளில்தான் ஞாயிறு வகுப்பில் ஒரு தம்பி என்னிடம் வந்தான். படிவம் 1, மதியப் பள்ளி. அவன் ‘என்னை அடிக்கிறார்கள்’ என்று ஆரம்பிக்கவில்லை. பிள்ளைகள் அப்படி ஆரம்பிப்பதும் இல்லை. “அண்ணே, தண்ணியே குடிக்காம இருந்தா கிட்னி கெட்டுப் போகுமா?” என்று கேட்டான். நான் உடல்நலக் குறிப்பு மாதிரி பதில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். மறுவாரமும் அதே கேள்வியோடு வந்தபோதுதான் உட்கார வைத்துப் பேசினேன். கழிப்பறையில் இரண்டு பேர் காசு பிடுங்குகிறார்கள். அங்கே போகாமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: “நீ என்ன செஞ்ச? சும்மா இருந்தவனையா பிடிப்பானுங்க?” அவன் முகம் மூடிக்கொண்டது. அடுத்த இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. கேள்வியில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை, ஆனால் அவன் காதில் அது ‘உன்மேலதான் குத்தம்’ என்று விழுந்தது. இப்போது நான் வைத்திருக்கும் முதல் வாக்கியம் இது: “சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்ல.” அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அவன் பேசுவான்.

“யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணே” என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். நான் படிவம் 1-இல் கொடுத்தேன். அதற்குப் பதில், “உன்னைக் கேக்காம ஸ்கூலுக்குப் போய் சத்தம் போட மாட்டேன். ஆனா அம்மா அப்பாகிட்ட சொல்லியாகணும், நீ சொல்றியா, நான் கூட இருக்கட்டுமா?” என்று கேட்கலாம். பேசும்போது மற்றவர்கள் பார்வையில் படும்படி, கதவு திறந்த இடத்தில் உட்காருங்கள். நாம் அவன் அண்ணன் மாதிரிதான், அண்ணன் இல்லை. காப்பாளர் அவன் பெற்றோர்தான்.

பிள்ளை சாவைப் பற்றி ஏதாவது சொன்னால் மட்டும் இந்த நிதானமெல்லாம் கிடையாது. “செத்துப் போகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தனியாக விடாதீர்கள், பெற்றோருக்கு அன்றைக்கே தெரிய வேண்டும், அவசரமென்றால் 999 அல்லது அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. 24 மணி நேரமும் பேசக்கூடிய இரண்டு எண்கள்: தாலியான் காசே 15999, பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929.

அடுத்தது நோட்டுப் புத்தகம். என் கணக்கில் இந்தப் பாடத்தின் பாதி இதுதான்.

பெரும்பாலான புகார்கள் இப்படித்தான் போகும்: “என் மகனை எப்பவும் கொடுமைப்படுத்துறாங்க, பள்ளி ஒண்ணும் செய்யல.” இதைக் கேட்கும் ஆசிரியர் எங்கே தொடங்குவார்? யாரைக் கூப்பிடுவார்? இரண்டு பையன்களைக் கூப்பிட்டால் “சும்மா விளையாட்டு சிக்கு” என்பார்கள், முடிந்தது. அந்தத் தம்பியோடும் அவன் அம்மாவோடும் உட்கார்ந்து நாங்கள் எழுதியது இந்த மாதிரி இருந்தது: “12-ஆம் தேதி, செவ்வாய், மாலை 4.05, கான்டீன் பக்கத்துக் கழிப்பறை. படிவம் 2 மாணவர்கள் இருவர், பெயரும் வகுப்பும் கீழே. ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டார். மற்றவர் சட்டைப் பையிலிருந்து 5 ரிங்கிட் எடுத்தார். ‘நாளைக்கும் கொண்டு வா’ என்றார். அதே வகுப்பு மாணவர் ஒருவர் வெளியே நின்று பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.” இப்படி மூன்று வாரத்தில் ஏழு பதிவுகள். ஏழில் ஐந்து செவ்வாயும் வியாழனும், ஓய்வு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில். அதாவது அந்த இரண்டு நாளும் அந்தப் பத்து நிமிடம் அங்கே ஆசிரியர் இல்லை. புகார் கடிதம் எழுதும்போது யாரையும் திட்டத் தேவையே இருக்கவில்லை.

‘கொடுமை’, ‘ரவுடி’, ‘எப்பவும்’ மாதிரி வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். பிள்ளை சொன்னதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதுங்கள், அழகு படுத்த வேண்டாம். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். காயம் இருந்தால் அன்றைக்கே படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவரின் குறிப்புக்கு இருக்கும் மதிப்பு நம் படத்துக்கு இல்லை. வாட்ஸ்அப், டிக்டாக் என்றால் கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன்னால் முழுத் திரையையும் படமெடுங்கள். எண்ணோ பயனர் பெயரோ, தேதியோ தெரிய வேண்டும், வெட்டக் கூடாது. முக்கியமாக, அந்த வீடியோவை ‘பாருங்க அநியாயத்தை’ என்று நாமும் பத்து குரூப்புக்கு அனுப்பக் கூடாது. அதில் அடிவாங்குவது நம் தம்பி. ஊரே பார்த்த பிறகு திங்கட்கிழமை அவன் எப்படிப் பள்ளிக்குப் போவான்?

எங்கே கொடுப்பது? முதலில் வகுப்பு ஆசிரியர் அல்லது கட்டொழுங்கு ஆசிரியர். அதற்கு மேல் மாணவர் நலப் பிரிவுத் துணைத்தலைமையாசிரியர், முதல்வர். ஆலோசக ஆசிரியரிடமும் பிள்ளை தனியாகப் பேசலாம், அது தண்டனைக்கான இடம் இல்லை. வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். கடிதம் இரண்டு பிரதி. ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்து, இன்னொன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று தேதியோடு சாப் வாங்குங்கள். இந்தச் சின்ன வேலையில்தான் நிறைய பெற்றோர் நின்றுவிடுகிறார்கள். கடிதம் மலாயில் இருந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். அந்தத் தம்பியின் அம்மாவுக்கு மலாய் பேச வரும், எழுத வராது. “எழுதத் தெரியாமத்தான் தம்பி இத்தனை நாளும் போகல” என்றார். நாம் எல்லாரும் மலாயில் எஸ்பிஎம் எழுதியவர்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதித் தருவது அரை மணி நேர வேலை. கையெழுத்து மட்டும் பெற்றோருடையது.

பள்ளியில் நகரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம், அதன்பின் மாநிலக் கல்வி இலாகா. கல்வி அமைச்சு பகடிவதைக்கென்றே ‘அடுவான் பூலி’ என்ற இணையப் புகார் தளமும் வைத்திருக்கிறது. பேர் கெட்டுவிடும் என்று அமுக்கப் பார்க்கும் பள்ளிகள் இருப்பது உண்மைதான். ஆனால் ஆசிரியருக்குத் தெரியவே தெரியாமல் நடப்பதும் நிறைய. அதனால் முதல் நாளே சண்டைக்குப் போகிற மாதிரி போகாதீர்கள்.

சட்டம். 2024 ஜூலையில் டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண், இணைய வசைகளுக்கு ஆளான பிறகு உயிரிழந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். வசைபாடிய ஒருவருக்கு அன்றைக்கு இருந்த சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் விதிக்க முடிந்த அபராதம் 100 ரிங்கிட்தான். அதன் பிறகு குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டு, 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025 ஜூலை 11-இல் நடப்புக்கு வந்தன. மிரட்டியோ இழிவுபடுத்தியோ ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு பேசுவது, எழுதுவது, செய்வது எல்லாம் இப்போது குற்றம். 507பி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறை உண்டு. துன்புறுத்துவதற்காக ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதும் இதில் அடங்கும். 10 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது குற்றமாகாது. அதற்கு மேல் 18 வயதுக்குள் என்றால் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றம். அடி, பணம் பறிப்பு, மிரட்டல் என்றால் பள்ளி விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் போலீஸ் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை, பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொடுவது, உடையைக் கழற்றச் சொல்வது, அந்தரங்கப் படம் கேட்பது என்று வந்தால் அது பகடிவதைக் கணக்கில் வராது. 2017-ஆம் ஆண்டு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம்; 5,000 ரிங்கிட் வரை அபராதம். அங்கே ‘பேசித் தீர்த்துக்கலாம்’ என்று சொல்ல ஆசிரியருக்கும் உரிமை இல்லை, கோயில் தலைவருக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

இப்போது பலருக்குப் பிடிக்காத ஒரு விஷயம். இந்தக் கதையை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவன் உடனே கேட்டான்: “எந்த ஸ்கூல்? நாலு பேரைக் கூட்டிட்டு கேட்டுல நிப்போம்லா, ஒரே நாள்ல முடிஞ்சிடும்.” நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் கேட்டில் நின்ற அண்ணன்களுக்கு அந்தத் தம்பி அப்புறம் என்ன கடன்பட்டிருப்பான்? எங்கள் தாமானில் நான் பார்த்தது இது. அடிவாங்கிய பையன் பாதுகாப்புக்காக ஒரு ‘அண்ணனிடம்’ போனான். அடி நின்றது. ஆறு மாதம் கழித்து அந்த அண்ணன் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, இன்னோர் இடத்தில் சேர்க்கச் சொன்னான். ‘திருப்பி அடி’ என்று வீட்டில் சொல்வதும் கிட்டத்தட்ட அதே ரகம். பலம் சமமில்லை என்பதால்தானே இது பகடிவதை? திருப்பி அடிக்க முடிந்தவனாக இருந்தால் அவனைத் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்கள். மாட்டிக்கொள்வதும் கடைசியாகக் கைநீட்டியவன்தான்.

பார்த்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் அந்த வகை. கனடாவில் டொரோண்டோ பள்ளித் திடல்களில் நடந்ததை ஒளிப்பதிவு செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. பத்துச் சம்பவங்களில் கிட்டத்தட்ட ஒன்பதில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் யாராவது தலையிட்டார்கள். தலையிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் நின்றுவிட்டது. தலையிடுவது என்றால் நடுவில் பாய்வது மட்டும் இல்லை. “டேய், சிக்கு கூப்பிடுறாரு, வா” என்று பொய் சொல்லி அவனை இழுத்துக்கொண்டு போகலாம். சிரிக்காமல் இருக்கலாம். அன்றைக்கு நான் என் இடத்தை விட்டு எழுந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அதுவும் பயமாக இருந்தால், வீட்டுக்கு வந்த ஒருவர் நேராகக் கேட்டபோது உள்ளதைச் சொல்லியிருக்கலாம்.

பகடிவதை செய்வது நம் வகுப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம். கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்ட பையன் வேறு ஒரு ஞாயிறு வகுப்புக்கு ஒழுங்காக வருகிறவன் என்று பிறகு தெரிந்தது. அவன் அப்பாவைப் பள்ளி அழைத்தபோது அங்கேயே பெல்ட்டை உருவப் போனாராம். கட்டொழுங்கு ஆசிரியர் தடுத்து, இரண்டு பையன்களும் பிடுங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும், வாரம் ஒரு முறை ஆலோசக ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். காசு திரும்பி வந்தது: 35 ரிங்கிட், எல்லாம் ஒரு வெள்ளி நோட்டு. செவ்வாயும் வியாழனும் கழிப்பறைப் பக்கம் இப்போது ஓர் ஆசிரியர் நிற்கிறார். தம்பி தண்ணீர் போத்தல் கொண்டு போகிறான். ஆனால் கான்டீனுக்கு இன்னும் தனியாகப் போக மாட்டான். நோட்டை மூட வேண்டாம் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் எழுதுகிறார்.

அடுத்த வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் படிவம் 1 பிள்ளை, அவர் சொல்வது ஒரே வரி: “அண்ணே, அவனுங்க எப்பவும் என் பையை ஒளிச்சு வைக்கிறானுங்க.” மற்றவர், ‘ஏன்’, ‘நீ என்ன செஞ்ச’ என்ற இரண்டையும் கேட்காமல், ஐந்து நிமிடத்தில் ஒரு பதிவு எழுத வேண்டும். எழுதியதை வாங்கி அந்தப் ‘பிள்ளை’ வாசிக்கட்டும். தான் சொல்லாதது ஏதாவது அதில் இருந்தால் அடித்துவிடட்டும். அப்புறம் இடம் மாறி உட்காருங்கள்.